ஞாயித்துக்கிழம எரியுற மஞ்ச லைட்டு

“ஓடுதுல்லா! ஓடுற வண்டிய எதுக்குளா கொற சொல்லுத?”

“போன தடவ அந்த வேன்காரனும் இதத்தான சொன்னான். ஓடுதுல்லக்கா, பெறகென்னன்னான். எங்க வரைக்கும் ஓடுச்சு? சொல்லுங்க, எங்க வரைக்கும் ஓடுச்சு?”

“ஏளா, கோயிலுக்குக் கெளம்புத நேரத்துல அதப் பேசாத.”

“கோயிலுக்குக் கெளம்புத நேரத்துலதான எரியுது? திங்கக்கெழம எரியல, செவ்வாக்கெழம எரியல. மாதாகிட்ட போற அன்னைக்குத்தான் கண்ண முழிக்கு. அது என்னத்தையோ சொல்லுது. ஒங்க காதுல ஏறல.”

“எஞ்சின் லைட்டுளா அது. மாதா சுச்சு போட்டுக்கிட்டு இருக்காவளாக்கும்!”

திரேஸ்புரத்துல கடலப் பாத்த அந்தச் சந்துல சத்தமாப் பேசுறது ஒன்னும் அதிசயம் இல்ல. மீன் ஏலக்கூடத்துல கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்ட அப்படித்தான். ஆனா அன்னைக்கு எதிர்வீட்டு மாடியில துணி ஒதறுனவ கூட ஒதறாம நின்னா. ஏன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு மொகத்துலயும் கோவம் இல்ல, பயம் இருந்துச்சு.

ஜேசுதாசன் வண்டிக்குள்ள ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு இருந்தான். அவன் பொண்டாட்டி தேவகனி கதவத் தெறந்து வச்சுக்கிட்டு ஏறாம வெளிய நின்னா. வண்டி பழைய வெள்ளக் காரு, மூணு கை மாறி வந்தது. ஸ்டீரிங்குக்குப் பின்னால, எஞ்சின் படம் போட்ட ஒரு குட்டி மஞ்ச லைட்டு. அது எரியுது. சாவியத் திருப்புனா எல்லா லைட்டும் எரிஞ்சு ஒன்னொன்னா அணையணும். இது மட்டும் அணையாம, பூனக்கண்ணு மாதிரி பாத்துக்கிட்டு இருக்கு.

பின்சீட்டுல மக ஜெஸ்மி. ஒம்பது மாசம். வயித்து மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு சொன்னா.

“எம்மா, எப்பா, சண்டைய முடிச்சுட்டுச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள பெத்துருதேன்.”

சிரிக்கத்தான் சொன்னா. ஆனா யாருக்கும் சிரிப்பு வரல. தேவகனி நெஞ்சுல சிலுவ போட்டுக்கிட்டு ஏறி உக்காந்தா. வண்டி சந்து முக்கு திரும்புறதுக்குள்ள இழுவை போயிருச்சு. மிதிச்சாலும் ஏறல, கெழவன் கணக்கா மூச்சு விட்டுக்கிட்டு நகருது. கோயிலு வரைக்கும் அப்படியே போச்சு. பூச முடிஞ்சு திரும்பும்போதும் அப்படித்தான்.

அந்த ‘எங்க வரைக்கும் ஓடுச்சு’ங்கிற கேள்விக்குப் பதில் அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஜெஸ்மிக்கு முத வயிறு. அவளுக்கு சின்னதுலயே இருதய வால்வுல சுருக்கம் உண்டு. ஓடியாடித் திரியலாம், பிரசவ வலியத் தாங்குறதுதான் கஷ்டம்னு பாளையங்கோட்டையில ஒரு லேடி டாக்டரு சொல்லி, அவங்கதான் பாத்துக்கிட்டு வந்தாங்க. ஏழாம் மாசத்துல திடீர்னு வலி. வாடகைக்கு ஒரு வேனப் புடிச்சாங்க. வேன்காரன் கெளம்பும்போதே வண்டி இருமுச்சு. வல்லநாடு தாண்டி நின்னுபோச்சு. ரோட்டோரத்துல தேவகனி நின்னுக்கிட்டு லேஞ்ச எடுத்து ஆட்டுனா. அங்கன கைக்குட்டைய லேஞ்சுன்னுதான் சொல்லுவாங்க. வெள்ள லேஞ்சு, ஓரத்துல நீலப் பூ. எல்லா வண்டியும் காத்து மாதிரி போச்சு, ஒன்னும் நிக்கல. புள்ள தக்கல. ஜெஸ்மி பொழச்சதே பெருசுன்னு டாக்டரு சொன்னாங்க.

அதுக்குப் பெறகுதான் ஜேசுதாசன் இந்தக் கார வாங்குனான். “இனி எம்மவ ஒருத்தன் வண்டிய நம்பி ரோட்டுல நிக்கப்பிடாது”ன்னான். அவனுக்கு எஞ்சின்தான் தொழிலு. விசைப்படகுல டிரைவரா இருந்து, இடுப்பு போன பெறகு கரையில இருந்தே படகு எஞ்சின ரிப்பேர் பாக்கான். மருமகன் கிளைட்டன் கப்பல்ல இருக்கான், பேறுகாலத்துக்கு வர முடியாது. அதனால இந்தத் தடவ எல்லாம் அந்த வெள்ளக் காரு மேலதான் நிக்கு. அது தெரிஞ்சுதானோ என்னவோ, ஐப்பசி பொறந்ததுல இருந்து அந்த மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சுது.

தேவகனிக்கு இன்னொரு பயமும் உண்டு. அத அவ யார்கிட்டயும் சொல்லல. இந்தப் புள்ள தங்குச்சுன்னா மணப்பாட்டுச் சிலுவக் கோயிலுக்கு நடந்தே வாரேன்னு நேந்துருந்தா. புள்ள தங்கிருச்சு. ஆனா ஜெஸ்மிய வீட்டுல தனியா விட்டுட்டு எப்படி நடக்க? திருநாளும் வந்து போயிருச்சு. இப்ப ஞாயித்துக்கெழம மட்டும் எரியுற லைட்டப் பாக்கும்போதெல்லாம், யாரோ தோளத் தட்டி ‘நீ சொன்னது என்னாச்சு’ன்னு கேக்குற மாதிரியே அவளுக்கு இருந்துச்சு.

திங்கக்கெழம காலையில ஜேசுதாசன் பானட்டத் தொறந்து வச்சுக்கிட்டு டீசல்ல பிரஷ முக்கி எஞ்சினத் தேய்ச்சான். பெறகு ஷாம்பு. பெறகு பழைய லுங்கி வச்சுத் தொடைச்சான். ஒவ்வொரு வயரா, ஒவ்வொரு மூலையா.

“பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போற மாதிரி குளிப்பாட்டுதிய. ஒர்க்‌ஷாப்புக்குத்தான போறிய?”

“அழுக்கோட கொண்டு நிறுத்துனா மரியாதையா இருக்குமாளா?”

“நானும் வாரேன். அவரு என்னதான் சொல்லுதாருன்னு என் காதால கேக்கணும்.”

மெக்கானிக் சிவப்பிரகாஷ் விளாத்திகுளத்துக்காரரு. எட்டயபுரம் ரோட்டுல ஒர்க்‌ஷாப்பு. வாய் நெறைய வெத்தலையும் கேலியும். வண்டியப் பாத்ததுமே கையத் தூக்குனாரு.

“வாங்கண்ணாச்சி. ஞாயித்துக்கெழம கோயிலு, திங்கக்கெழம நம்ம கடை. ரெண்டு எடத்துலயும் ஒங்களுக்குத் தவறாத பூசதான்!”

“சிரிக்காதீங்கய்யா”ன்னா தேவகனி. “எம்புள்ளைக்கு மாசம் நெருங்கிருச்சு. இது நட்டாத்துல விட்டுரக் கூடாது.”

அவரு வெத்தலையத் துப்பிட்டு வந்து, ஸ்கேன் மிஷின ஸ்டீரிங்குக்கு அடியில சொருகுனாரு. எழுத்து ஓடுச்சு. வாசிச்சாரு.

“அதேதான்க்கா. த்ராட்டில் சென்சாருல இருந்து சிக்னல் வரலன்னு சொல்லுது. நீங்க ஆக்ஸிலேட்டர மிதிக்கிய, எஞ்சினுக்கு அந்தத் தகவலு போயிச் சேரல. சேரலைன்னதும் அது பயந்துபோயி லைட்டப் போட்டுட்டு இழுவையக் கொறைச்சுக்கும்.”

“வண்டியும் பயப்படுமா?”

“நம்மளவிட அதிகமாப் பயப்படும்க்கா. மொத தடவ வந்தப்ப நானே பாத்தேன், வயரச் சேக்குற கப்ளருக்குள்ள பச்சப் பூத்துருந்துச்சு. கடக்கரை உப்புக்காத்து. சொரண்டி விட்டேன், சரியாப் போச்சு. மறுபடி வந்துச்சு. சென்சாரையே மாத்துனேன். மறுபடி வந்துச்சு. இப்ப பாருங்க, கப்ளரு உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. வயரும் சுத்தம். எனக்கே கோட்டி புடிக்கும் போல.” எஞ்சின உத்துப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு. “கடக்கரை வண்டின்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். என்ன பளபளப்பு!”

ஜேசுதாசன் கழுத்தத் தொடைச்சுக்கிட்டான்.

“இப்ப எரியுதா?”ன்னு தேவகனி கேட்டா.

“அழிச்சுட்டேன். எரியல. ரெண்டு ரவுண்டு போயிட்டு வாரேன்.” போயிட்டு வந்தாரு. எரியல. “என்னப் பாத்தா மட்டும் நல்ல புள்ளையா நடிக்குதுக்கா. அடுத்து எரிஞ்சா அந்த நேரத்துலயே எனக்குப் போன் போடுங்க. எரியும்போது புடிச்சாத்தான் புடிக்க முடியும்.”

அந்த வாரம் முழுக்க லைட்டு எரியல. புதன்கிழம டாக்டரப் பாத்துட்டு வந்தாங்க. போயிட்டு வரும்போதும் எரியல. டாக்டரு, “வலின்னு தோணுச்சுன்னா யோசிக்காமக் கெளம்பிருங்க. வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கப்பிடாது. வண்டி ரெடியா இருக்குல்லா?”ன்னு கேட்டாங்க. “ரெடியா இருக்கு டாக்டர்”னு ஜேசுதாசன் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணு தரையப் பாத்துச்சு. அதத் தேவகனி கவனிச்சா.

வழியில வல்லநாட்டு மல தெரிஞ்சதும் தேவகனி கை கதவுப்பிடிய இறுக்கிக்கும். போகும்போதும் இறுக்குச்சு, வரும்போதும் இறுக்குச்சு. ஜெஸ்மி அந்தக் கையப் புடிச்சு தன் வயித்து மேல வச்சுக்கிட்டா. உள்ள புள்ள ஒரு எத்து விட்டுச்சு.

“பாத்தியாம்மா, பாட்டி கோழைன்னு சொல்லுது.”

“சொல்லட்டும். வெளிய வந்து சொல்லட்டும்.”

சனிக்கெழம ஹார்பர்ல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்க. கடலு கறுத்துக் கெடந்துச்சு. வாடைக்காத்துல வாயத் தொறந்தா உப்புக் கரிக்கு. ஒரு போட்டும் கெளம்பல, எல்லாம் கயித்துல கட்டிக் கெடந்து ஒன்னோடொன்னு இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. முந்துன நாளு ஏலத்துல தேவகனி வாங்கி வச்ச திருக்க மீனு ஈரலு வீட்டுல இருந்துச்சு. குசினிக்குப் பின்னால அடுப்புக்கல்லு கூட்டி, பழைய அலுமினியப் பானையில ஈரலப் போட்டு, தண்ணிய ஊத்திக் காய்ச்சுனா. அந்த நாத்தத்துக்கு சந்துல இருந்த ஜன்னலெல்லாம் சாத்திக்கிச்சு. எதிர்வீட்டுக்காரி அங்கன இருந்தே கத்துனா.

“ஏளா தேவகனி, புள்ளத்தாச்சி வீட்டுல இப்படியா காய்ச்சுவ! குமட்டுது!”

“காத்துக்கு எதிர்ல நின்னா குமட்டத்தான் செய்யும். உள்ள போயி நில்லுங்கக்கா!”

ஈரலு கரையக் கரைய மேல மஞ்சளா எண்ண மெதந்து வந்துச்சு. அத செரட்டையில அள்ளி அள்ளி டப்பாவுல ஊத்துனா. வள்ளத்துக்குப் பூசுற எண்ண அது. பலகையில பூசிக் காயவச்சா தோலு மாதிரி ஒட்டிக்கும், பெறகு உப்புத்தண்ணி உள்ள எறங்காது. அவ அப்பன் காலத்துல இருந்து அந்தக் கரையில எல்லாரும் பூசுறதுதான். அதையே ஜேசுதாசன் கார் அடியிலயும் பூசுவான். உப்புக்காத்துல மத்த காரெல்லாம் அடி கரைஞ்சு உதிரும்போது, அவன் காரு மட்டும் தாங்குனதுல அவனுக்கு ஒரு பெரும.

மழ வாரதுக்கு முன்ன முடிச்சுரணும்னு அவன் டப்பாவ வாங்கிட்டுப் போனான். தேவகனி ஊளி மீன் குழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்தா. பானட்டு தொறந்துருக்கு. அவன் பாதி ஒடம்பு உள்ள இருக்கு. வழக்கத்தவிட ரொம்ப நேரம் இருந்தான். ரெண்டு பூன வண்டிக்கிட்ட வந்து வால நிமித்தி நின்னுச்சு. அவன் ‘சூ’ன்னு வெரட்டுனான். பயத்துல ஒரு மனுசன் எப்படி வேல செய்வான்னு அன்னைக்குத்தான் அவ பாத்தா. ஒரே எடத்தத் திரும்பத் திரும்பப் பூசிக்கிட்டு இருந்தான்.

ஞாயித்துக்கெழம விடியும்போது ஜெஸ்மி சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா.

“எம்மா. வலிக்கு.”

பையி ஏற்கெனவே கட்டி வச்சதுதான். வெளிய தூத்தலு. ஜேசுதாசன் சாவியத் திருப்புனான். எல்லா லைட்டும் அணைஞ்சுது. மஞ்ச லைட்டும் அணைஞ்சுது. தேவகனி கண்ண மூடி, “சிலுவையே, சிலுவையே”ன்னு முணுமுணுத்தா. டவுனத் தாண்டுற வரைக்கும் எரியல. பாளையங்கோட்டை ரோட்டுல வார புதுக்கோட்டை ஊரத் தாண்டியும் எரியல. ஜெஸ்மி ஒவ்வொரு வலிக்கும் பல்லக் கடிச்சா. தேவகனி ஒரு கண்ண மக மேலயும் ஒரு கண்ண அந்த லைட்டு இருக்குற எடத்துலயும் வச்சுக்கிட்டு இருந்தா.

வாகைக்குளம் தாண்டுனதும் எரிஞ்சுச்சு.

வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. இழுவை போச்சு. பின்னால வந்த லாரி ஆரன் அடிச்சுக்கிட்டே ஒதுங்கிப் போச்சு. தெய்வச்செயல்புரம் கிட்ட வரும்போது நடக்குற வேகம்தான். ஜேசுதாசன் ஓரங்கட்டுனான். மழக்குள்ள தூரத்துல வல்லநாட்டு மல கறுப்பா நின்னுச்சு.

“எப்பா, ஏன் நிறுத்துன?” ஜெஸ்மி கொரலு சின்னப் புள்ளக் கொரலா மாறிருச்சு. “எப்பா, இங்கன நிறுத்தாத. இங்கன வேண்டாம்.”

“ஒன்னுமில்ல மக்கா. ஒன்னுமில்ல. இந்தா சரிபண்ணிருதேன்.”

அவன் எறங்கி பானட்டத் தொறந்தான். 108க்கும் போன் போட்டான், வாரோம்னாங்க. தேவகனி எறங்கி ரோட்டுக்கு வந்தா. கையில அதே லேஞ்சு. அத அவ தூரப் போட்டுருக்கலாம், போடல. ரெண்டு வருசமா இடுப்புலதான் இருக்கு. ஆட்டுனா. ஒரு காரு போச்சு. ஒரு டூரிஸ்ட் வேன் போச்சு. தண்ணிய வாரி அவ சேல மேல அடிச்சுட்டுப் போச்சு. ஒரு காரு மெதுவா வந்துச்சு. கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொம்பள மொகம் தெரிஞ்சுது. தேவகனி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா. அந்தக் காரு வேகம் எடுத்துருச்சு.

“நிக்க மாட்டாங்களாம்மா?” ஜன்னல்ல இருந்து ஜெஸ்மி கேட்டா.

“நிப்பாங்க. நிப்பாங்க மக்கா.”

ஜேசுதாசன் சிவப்பிரகாஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு பேட்டரி மேல வச்சான். அவரு தூக்கத்துல இருந்து எந்திச்ச கொரலு.

“எரியுதா? இப்ப எரியுதா? நல்லது! பதறாதிய. அந்த சென்சாரு கப்ளரக் கழட்டுங்க. கழட்டிட்டிங்களா? உள்ள பித்தளைக் குச்சி தெரியும் பாருங்க. என்ன நெறத்துல இருக்கு?”

“நெறம்... நல்லாத்தான் இருக்கு.”

“பச்சையா இருக்கா, வெள்ளையா இருக்கா? தொட்டுப் பாருங்கண்ணாச்சி.”

ஜேசுதாசன் தொடல. அப்படியே நின்னான். தேவகனி ரோட்டுல இருந்து ஓடி வந்து, “என்ன பாக்கிய, தொடுங்க!”ன்னு அவன் கையில இருந்து கப்ளரப் புடுங்கி வெரல விட்டா. பிசுபிசுன்னு இருந்துச்சு. வெரல மூக்குக்கிட்ட கொண்டு போனா.

அந்த நாத்தம் அவளுக்குத் தெரியாதா? நேத்து அவ கையால அள்ளுனது.

“ஏங்க. இது நான் காய்ச்சுன எண்ணல்லா?”

“என்னக்கா எண்ண?” போன் கத்துச்சு. “என்ன எண்ண சொல்லுதிய?”

“திருக்க ஈரல் எண்ணய்யா. வள்ளத்துக்குப் பூசுறது.”

“கப்ளருக்குள்ளயா?”

அவ புருசனப் பாத்தா. மழத்தண்ணி அவன் மூஞ்சியில வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

“நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, உப்புக்காத்து ஏறிருக்குன்னு”ன்னான் ஜேசுதாசன், போனப் பாத்து. “உப்பு ஏறாம இருக்கணும்லா. அதான் சனிக்கெழமதோறும் எல்லாக் கப்ளரையும் கழட்டி உள்ள ஒரு பூச்சு...”

“அட சண்டாளா! பலகையில பூசுற எண்ணய கரண்டு போற எடத்துல பூசுனா எப்பிடி போவும்? காஞ்சா அது வார்னிஷ் கணக்கா மூடிக்கிடும்லா! நான் ஏன் ஒரு தடவ கூடப் பாக்கல?”

தேவகனிக்குப் புரிஞ்சு போச்சு. மொத தடவ ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வந்தப்ப அவன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. மீன் நாத்தம்னு அங்கன நின்னவனுக மூக்கப் பொத்திச் சிரிச்சானுவளாம். அதுக்குப் பெறகுதான் திங்கக்கெழம குளிப்பாட்டல். டீசல்ல கழுவி, ஷாம்பு போட்டு, கப்ளரு உள்ள வரைக்கும் தொடைச்சு, கண்ணாடி மாதிரி கொண்டு போயி நிறுத்துனா அவரு என்னத்தக் கண்டுபிடிப்பாரு? வாரம் முழுக்க ஓடும். சனிக்கெழம பூசுவான். ஞாயித்துக்கெழம எரியும். எரிஞ்சா பயம். பயந்தா அடுத்த சனிக்கெழம இன்னும் கொஞ்சம் எண்ண. அந்த எண்ணய அவதான் வாரவாரம் காய்ச்சிக் குடுத்துருக்கா.

“பேச நேரம் இல்ல”ன்னு போன் சொல்லுச்சு. “துணி இருக்கா? தொடைங்க. உள்ள வரைக்கும் தொடைங்க. ஸ்பிரிட்டு, சானிடைசர் எதாச்சும் இருந்தா அதப் போட்டுத் தொடைங்க.”

ஆஸ்பத்திரிப் பையில சானிடைசர் இருந்துச்சு. துணின்னு தேடல, லேஞ்சத்தான் கையில வச்சுருந்தா. அத திரிச்சு, தலையில இருந்த கொண்ட ஊசியில சுத்தி, சானிடைசர்ல நனைச்சு உள்ள விட்டா. மஞ்சளா வந்துச்சு. மறுபடி விட்டா. ஜேசுதாசன் கப்ளர ஆடாமப் புடிச்சுக்கிட்டான். வண்டிக்குள்ள ஜெஸ்மி, “எம்மா!”ன்னு ஒரு சத்தம் போட்டா. தேவகனி திரும்பிப் பாக்கல. திரும்புனா கை நின்னுரும்னு அவளுக்குத் தெரியும்.

“போதும், மாட்டுங்க. சாவிய அணைச்சுட்டுப் போடுங்க”ன்னாரு சிவப்பிரகாஷ். “லைட்டு அணையாது, அத நான் மிஷின் வச்சுத்தான் அழிக்கணும். லைட்டப் பாக்காதிய. இழுவை இருக்கான்னு மட்டும் பாருங்க.”

ஜேசுதாசன் மிதிச்சான். வண்டி உறுமுச்சு.

வல்லநாட்டு மல பக்கத்துல வந்துச்சு, தாண்டுச்சு. அந்த எடமும் வந்துச்சு. யாரும் அந்தப் பக்கம் திரும்பல. ஆத்துப் பாலத்துல ஏறும்போது ஜேசுதாசன், “எனக்கு வெக்கமா இருந்துச்சுளா”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். மஞ்ச லைட்டு வழி முழுக்க எரிஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. தேவகனி பின்னால இருந்து கைய நீட்டி அவன் தோள்ல வச்சா. அவ கையிலயும் திருக்க எண்ண நாத்தம்தான்.

டாக்டரு பாத்துட்டு, இது பொய் வலி, இன்னும் நாளு இருக்கு, புள்ள நல்லா இருக்குன்னாங்க. 108 காரங்க பாதி வழியில போன் போட்டுக் கேட்டப்ப, வந்து சேந்துட்டோம்னு ஜேசுதாசன் சொன்னான். இங்கனயே அட்மிட் பண்ணிக்கோங்கன்னு தேவகனி கெஞ்சுனா. ஒரு வாரம் வீட்டுல இருக்கட்டும், அடுத்த தடவ வரும்போது சேத்துக்கிடலாம்னு டாக்டரு அனுப்பிட்டாங்க.

மறுநாளு சிவப்பிரகாஷே திரேஸ்புரத்துக்கு வந்தாரு. வண்டியக் கழுவ விடல. நாத்தத்தோடயே பானட்டுக்குள்ள தலைய விட்டு, எல்லாக் கப்ளரையும் கழட்டிக் கழுவி, லைட்ட அழிச்சாரு. போகும்போது, “அண்ணாச்சி, அடியில எவ்வளவு வேணாலும் பூசுங்க. மேல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா நான் இந்தத் தெருவுக்கே வர மாட்டேன்”ன்னாரு. தேவகனி அவருக்கு ஊளி மீன் குழம்பு ஊத்திச் சோறு போட்டா. நல்லாச் சாப்புட்டாரு. “ஆனா அந்த எண்ண டப்பாவ மட்டும் எனக்கு மோந்து பாக்கக் குடுத்துராதீங்க”ன்னாரு.

காரணம் தெரிஞ்சுபோச்சு. லைட்டும் அணைஞ்சுருச்சு. மாதாவோ சிலுவையோ கோவிக்கலன்னு தேவகனிக்கு இப்பத் தெரியும். மணப்பாட்டுக்கு நடக்கத்தான் போறா, புள்ள பொறந்து, மருமகன் கப்பல்ல இருந்து வந்ததும் அவன் கையில குடுத்துட்டு நடக்கப் போறா, ஆனா அது பயத்துல இல்ல.

ஆனா பயம் போகல. லைட்டுதான் அணைஞ்சுருக்கு. வண்டி பழசு. எண்ண இல்லன்னா உப்பு, உப்பு இல்லன்னா வேற ஒன்னு. ஜேசுதாசன் காலையில எந்திச்சதும் சாவியத் திருப்பி, எல்லா லைட்டும் அணையுற வரைக்கும் உக்காந்து பாக்கான். பெறகு திரும்ப அணைச்சுத் திரும்பப் போடுதான். தேவகனி நிலைவாசல்ல நின்னு, “எரியுதா?”ன்னு கேக்கா. “இல்ல”ங்கான். “நல்லாப் பாத்தியளா?”ங்கா. அந்த லேஞ்சத் தொவைச்சு மடிச்சு மறுபடி இடுப்புல சொருகிட்டா. எவ்வளவு சோப்பு போட்டும் மஞ்சக் கற போகல.

அந்த வீட்ட நல்லாத் தெரிஞ்ச நான் இத எழுதுற இன்னைக்கு வரைக்கும் ஜெஸ்மிக்கு வலி வரல. எப்ப வேணாலும் வரும். அன்னைக்கு மழயா இருக்குமோ வெயிலா இருக்குமோ தெரியாது.

அதனால இத வாசிக்கிற ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். புதுக்கோட்டை, வாகைக்குளம், தெய்வச்செயல்புரம், வல்லநாடு பக்கம் இருக்கவங்க, தெனமும் அந்த ரோட்டுல வண்டியோட்டுறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. என்னைக்காச்சும் ஓரத்துல ஒரு பழைய வெள்ளக் காரு, பானட்டு தொறந்து நிக்கும். பக்கத்துல ஒரு பொம்பள மஞ்சக் கற புடிச்ச ஒரு கைக்குட்டைய ஆட்டிக்கிட்டு நிப்பா. திருட்டுக் கூட்டமோன்னு ஒங்களுக்கும் பயமாத்தான் இருக்கும். இருந்தாலும் நிப்பியளா? நிப்பேன்னா கீழ ஒரு வார்த்த எழுதிப் போடுங்க, ‘நிப்பேன்’னு. தேவகனிக்கு வாசிச்சுக் காட்டணும்.